உழக்கில் குலுக்கிய முதல் உருட்டு

மருதூர் மகாலிங்கசாமியை மனத்தில் இருத்தி, மடை திறந்தால் மடி நிறைக்கும் காவிரித் தாயைக் கும்பிட்டு, இந்தக் காணும் பொங்கல் காலையில் உங்கள் முன் நிற்கிறேன்.

தலைமை நாற்காலியில் அமர்ந்திருந்தாலும், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று யார் கூப்பிட்டாலும் எழுந்து ஓடிவரும் எங்கள் ஊராட்சித் தலைவர், அன்புத் தங்கை சுடர்விழி அவர்களே. ஓடு என்றால் ஓடவும் நில் என்றால் நிற்கவும் இந்த ஊர்ப் பிள்ளைகளைப் பழக்கி, இன்று தாயப் போட்டிக்கு நடுவராக வந்து அம்மாக்களிடம் அகப்பட்டுக்கொண்டிருக்கும் உடற்பயிற்சி ஆசிரியர் நெடுமாறன் சார் அவர்களே. அதிராம்பட்டினத்தில் பிறந்து, நம் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்து, நம் வீட்டுக் கல்யாணச் சீர்களில் எல்லாம் கலந்து நிற்கும் பெரியவர் காதர் மைதீன் அவர்களே. அறுவடை மிஷின் எப்போது வரும் என்று ஒரு காதை வயல் பக்கமும் ஒரு காதை மேடைப் பக்கமும் வைத்திருக்கும் விவசாயப் பெருமக்களே. பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் புடவையை உதறிக்கொண்டு புறப்பட்டு வந்திருக்கும் என் தாய்மார்களே, தங்கைமார்களே. உட்கார இடம் இருந்தும் சுவரோரம் நிற்பதே கௌரவம் என்று நிற்கும் ஆண்மக்களே. உங்கள் அனைவருக்கும் இந்த மங்களாம்பிகையின் பணிவான வணக்கம்.

நான் படித்துப் பட்டம் வாங்கியவள் இல்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். மளிகை சுற்றிவந்த தாளை விரித்து வாசித்தேன். கோயில் மதிலில் எழுதியிருக்கும் பதிகத்தை எழுத்துக் கூட்டிப் பாடினேன். பால், மளிகை, உரம், ஆள்கூலி என்று வீட்டு வரவு செலவைத் தவறாமல் எழுதி எழுதிக் கையெழுத்தைத் திருத்திக்கொண்டேன். என் கல்லூரி அவ்வளவுதான். ஆகையால் தப்பு வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கணக்குத் தப்பினால் மட்டும் பொறுக்காதீர்கள்.

போட்டிக்கான துண்டறிக்கையை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு விதி: முதலில் ஆடுபவர் யார் என்பதை, உழக்கில் தாயக்கட்டையை இட்டுக் குலுக்கிக் கவிழ்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், கையால் உருட்டி முடிவு செய்யக் கூடாது. இதைப் படித்துவிட்டு டீக்கடையில் ஒரே சிரிப்பாம். அரிசி அளக்கிற உழக்குக்கு ஆட்டத்தில் என்ன வேலை? அதோ, கடைசி வரிசையில் இப்போதும் சிரிக்கிறார்கள். சிரியுங்கள். முடிவிலும் சிரிப்பீர்களா என்று பார்க்கிறேன்.

நெடுமாறன் சாரே என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "ஏம்மா, ஒரு காசைச் சுண்டிட்டு ஆட்டத்த ஆரம்பிக்கலாமே. இதுக்கு ஏன் இவ்ளோ பெரிய விதி?"

"சார், காசுக்கு ரெண்டு முகம். பலகையச் சுத்தி நாலு முகம். சுண்டிச் சுண்டி எப்ப முடிக்கிறது?" என்றேன்.

"அது சரி" என்று சிரித்துக்கொண்டே நடுவர் கையெழுத்தைப் போட்டுவிட்டார்.

ஆனால் சபையோரே, அது பாதிப் பதில்தான். மீதிப் பதிலைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

முதலில் யார்? இது சின்னக் கேள்வியா? வாய்க்காலில் தண்ணீர் வந்தால் முதல் மடை யாருக்கு? பந்தியில் முதல் இலை யாருக்கு? கோயிலில் முதல் திருநீறு யாருக்கு? கல்யாண வீட்டில் முதல் ஆரத்தி யார் கையால்? இந்தத் தஞ்சைத் தரணியில் நாம் நெல்லுக்குச் சண்டை போட்டதை விட, நிலத்துக்குச் சண்டை போட்டதை விட, முதலில் யார் என்பதற்குப் போட்ட சண்டை அதிகம் இல்லையா? முதலில் நின்றவருக்கு அது ஒரு நாள் பெருமை. கடைசியில் நிறுத்தப்பட்டவருக்கு அது ஒரு வாழ்நாள் வலி.

அந்த வலியை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு தாயக்கட்டையின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

இந்தக் கதைக்குச் சொந்தக்காரர் முன்வரிசையில் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கமலாம்பாள் அக்கா. அவரைக் கேட்காமல் நான் வாய் திறக்கவில்லை. "சொல்லு மங்களம். ஆனா அழுமூஞ்சியா சொல்லாத. எனக்கு அது புடிக்காது" என்று உத்தரவு கொடுத்திருக்கிறார். உத்தரவுப்படியே சொல்கிறேன்.

எங்கள் மகளிர் குழுக் கூட்டம் முடிந்ததும் நாங்கள் நாலு பேர் மேகலா வீட்டு ஹாலில் பலகை விரிப்போம். கமலாம்பாள் அக்கா ஒருவர். அவருடைய கொழுந்தன் மனைவி, அதாவது ஓரகத்தி, மேகலா. நான் ஒருத்தி. நாலாவது, தங்கம்மாள். கடைமடையில் குத்தகைக்கு நிலம் எடுத்துத் தன் கையால் சம்பா விளைவிக்கிறவர். ஒரு காலத்தில் தலைமடைக் களத்தில் கூலிக்குக் கதிர் அடித்த குடும்பம். இன்று சொந்தக் கதிர் அடிக்கிற குடும்பம்.

கட்டை கமலாம்பாள் அக்காவுடையது. பித்தளை. கல்யாணச் சீரோடு வந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: தாயக்கட்டை இரண்டு, ஒவ்வொன்றுக்கும் நான்கு பட்டை. ஒரு பட்டையில் ஒரு புள்ளி, ஒன்றில் இரண்டு, ஒன்றில் மூன்று, ஒரு பட்டை வெறுமை. இரண்டையும் சேர்த்து எண்ண வேண்டும். இரண்டுமே வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. அதற்கு மேல் எண் இல்லை. இந்தக் கணக்கை எந்த மகராசி போட்டாளோ தெரியாது. வெறுமையும் வெறுமையும் சேர்ந்தால் உச்சம் என்று வைத்தாளே, அவளை நான் தினமும் கும்பிடுகிறேன்.

கமலாம்பாள் அக்கா கட்டையை உருட்டினால் தெருவுக்கே கேட்கும். கட்டைச் சத்தம் பாதி, அவர் சிரிப்பு பாதி. வெட்டுப்பட்டாலும் சிரிப்பு, வெட்டினாலும் சிரிப்பு. எப்போதும் முதல் உருட்டு அவருடையது. கட்டைக்குச் சொந்தக்காரர், எங்களில் மூத்தவர்; யார் என்ன கேட்கப்போகிறோம்?

எங்கள் தெருவில் இன்னொரு வழக்கம். வைகுண்ட ஏகாதசி விரதத்தன்று பரமபதப் பலகை விரிப்போம், அந்தப் பாம்பும் ஏணியும். அன்றைய முதல் உருட்டு வருஷத்துக்கே சகுனம் என்று நம்பிக்கை. கட்டைக்குக் குங்குமம் இட்டு, பூவும் பொட்டுமாய் இருக்கிற மூத்தவள் உருட்ட வேண்டும். அதுவும் கமலாம்பாள் அக்காதான், வருஷா வருஷம்.

அவர் வீட்டுக்காரர் வைத்தியலிங்கம் அண்ணனை உங்களுக்கெல்லாம் தெரியும். ஐப்பசி நடவு முடிந்த அன்று வரப்பில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

பொறுங்கள். தண்ணீர் குடித்துக்கொள்கிறேன். உத்தரவு இருக்கிறது.

ஒரு வருஷம் அக்கா வெளியே வரவில்லை. பலகையும் விரியவில்லை. தங்கம்மாள்தான் ஒரு நாள் வாசலில் போய் நின்றார். "வரலன்னா போங்கக்கா. நாங்க புளியங்கொட்டையத் தேச்சு வச்சு ஆடிக்கிறோம். என்னா, எனக்குப் புளியங்கொட்டையில தாயமே விழ மாட்டேங்குது. அந்தப் பாவம் உங்களுக்குத்தான்."

அந்தப் பாவத்துக்குப் பயந்தோ என்னவோ, அக்கா கட்டையைத் துணியில் முடிந்துகொண்டு வந்தார். வந்தார், ஆனால் எங்கே உட்கார்ந்தார்? பலகையை விட்டுத் தள்ளி, சுவரோரம். "நீங்க ஆடுங்க. நான் பாக்கறேன்" என்றார். பிறகு கெஞ்சிக் கேட்டதும் ஆட வந்தார். ஆனால் எப்போது உருட்டினார்? எல்லாருக்கும் கடைசியில். "எனக்குக் கடைசிதான் வசதி" என்றார்.

அவரைக் கடைசியில் உட்காரச் சொன்னது யார்? நானா? இல்லை. மேகலாவா? இல்லை. தங்கம்மாளா? இல்லவே இல்லை. ஒருவரும் சொல்லவில்லை. ஒருவரும் சொல்லாமலே ஒருத்தி எழுந்து போய்த் தானாகக் கடைசியில் உட்கார்ந்துகொள்கிறாளே, அதற்கு எத்தனை தலைமுறை எத்தனை பேரின் காதில் என்னென்ன சொல்லியிருக்க வேண்டும்? தாய்மார்களே, அந்த ஒற்றைச் சொல்லை, கணவனை இழந்தவளுக்கு ஊர் வைத்திருக்கும் அந்தச் சொல்லை, இந்த மேடையில் நான் சொல்லப்போவதில்லை. என் நாக்கு மகாலிங்கசாமி பேரைச் சொல்கிற நாக்கு.

போன வருஷத்துக்கு முந்தைய மார்கழி. ஏகாதசி நெருங்கியது. மேகலா ஆரம்பித்தாள்.

"இந்த வருஷம் பழையபடி அக்காதான் முதல்ல உருட்டணும்."

"வேணாம் மேகலா. நல்ல நாளும் அதுவுமா."

"உருட்டினா என்னாக்கா ஆயிடும்?"

"ஒண்ணும் ஆகலன்னா சரி. ஆச்சுன்னா? உன் வீட்டுக்காரன் செந்தில்குமாரு சிங்கப்பூர்ல இருக்கான். அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட யாரு முதல்ல உருட்டினதுன்னு கேப்பாங்க. நீ கேக்க மாட்ட. தெரு கேக்கும். அப்புறம் உன் வீட்டு வாசப்படிய நான் எப்படி மிதிக்கிறது?"

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அக்கா முதல் உருட்டுக்கு ஆசைப்படாதவர் இல்லை. ஆசைப்பட்டு உருட்டிவிட்டு, யார் வீட்டிலாவது ஒரு கெட்டது நடந்து, இருக்கிற இந்த நாலு பேர் உறவும் போய்விடுமோ என்று பயப்படுகிறவர். சுவரோரம் உட்கார்ந்தாலும் எங்களோடு உட்காரலாம். அதையும் இழந்தால் அவருக்கு இந்த ஊரில் என்ன மிச்சம்?

தங்கம்மாள்தான் தலையை நிமிர்த்தினார். "அப்ப நாம யாரும் சொல்ல வேணாம். யாரு முதல்லன்னு கட்டையே சொல்லட்டும்."

"நல்ல யோசனை" என்றாள் மேகலா. "யாருக்கு முதல்ல தாயம் விழுதோ, அவங்க முதல்ல."

"சரி. அந்தத் தாயத்துக்கு யாரு முதல்ல உருட்டறது?" என்றார் தங்கம்மாள்.

பாருங்கள், நீங்களே சிரிக்கிறீர்கள். முதலில் யார் என்று பார்க்க உருட்டுவதற்கு முதலில் யார்? முதலில் உருட்டுகிறவளுக்குத்தானே முதலில் தாயம் விழ வாய்ப்பு? மேகலாவின் மகள் ஜெயபாரதி, காலேஜ் பெண், செல்லை நீட்டினாள். "பெரியம்மா, இதுல ஆப் இருக்கு. தொட்டா அதுவே உருட்டும்."

"அதுக்குள்ள உக்காந்துகிட்டு யாருடி உருட்டறது? கண்ணுல படாத கையை நான் நம்ப மாட்டேன்" என்றார் அக்கா. ஆப் அத்தோடு உள்ளே போனது.

அப்போது கணக்குக்காரி நான் வாய் திறந்தேன். "எல்லாரும் ஆளுக்கு ஒரு தரம். எல்லாரும் உருட்டி முடிக்கிற வரைக்கும் யாரும் ஜெயிச்சவங்க இல்ல. முடிச்ச பிறகு பாப்போம். பெரிய எண் யாருக்கோ, அவங்க. ரெண்டு பேருக்கு ஒரே எண் விழுந்தா அவங்க மட்டும் மறுபடி." இப்படிச் செய்தால் முன்னால் உருட்டினாலும் பின்னால் உருட்டினாலும் பங்கு ஒன்றுதானே? யாருக்கும் குந்துமணி கூடுதல் இல்லை, குந்துமணி குறைவு இல்லை.

ஏகாதசிக்கு யார் முதல் என்று அன்றைக்கே முடிவு செய்ய உட்கார்ந்தோம். எனக்கு ஒன்று விழுந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான். தங்கம்மாளுக்கு மூன்று. அக்காவுக்கு நான்கு. மிச்சம் மேகலா.

கட்டையைக் கையில் பழக்கியவர்களுக்குத் தெரியும். உள்ளங்கை இரண்டுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து, உருட்டாமல் வழுக்கி விட்டால், நினைத்த பட்டை மேலே நிற்கும். மேகலா அதில் கெட்டிக்காரி. தேய்த்தாள், விட்டாள். இரண்டு.

"அக்காதான் முதல்ல" என்று கை தட்டினாள்.

கமலாம்பாள் அக்கா கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேகலா. நீ உருட்டல. வச்ச."

"இல்லக்கா."

"இது என் கட்டைடி. எந்தக் கை எப்படி விட்டா எப்படி விழும்னு எனக்குத் தெரியாதா?"

மேகலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நீங்க முதல்ல உருட்டணும்னுதாங்கா."

அதற்கு அக்கா சொன்னதைக் கேளுங்கள். நான் எத்தனையோ சொற்பொழிவு கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு சொல் கேட்டதில்லை. "நீ ஏமாத்தி ஜெயிச்சிருந்தா, உன்னை நாலு திட்டு திட்டிட்டு உக்காந்து ஆடிருப்பேன். நீ ஏமாத்தித் தோத்திருக்க. எனக்காக. அதைக் கொண்டுபோய் நான் எங்க வைக்கிறது?"

கட்டையைத் துணியில் முடிந்தார். எழுந்தார். போய்விட்டார்.

மேகலா செய்தது தவறா? அன்பினால் செய்தாள். அன்பினால் செய்தது எப்படி வலித்தது? தாய்மார்களே, இதைத்தான் நான் இரவும் பகலும் யோசித்தேன். ஒருவர் கொடுத்த இடத்தில் உட்கார்ந்தால், கொடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார வேண்டும். இன்று இரங்கிக் கொடுத்த கை நாளை வருந்தி எடுத்துக்கொள்ளலாம். அக்காவுக்கு வேண்டியது இரக்கம் இல்லை. அக்காவுக்கு வேண்டியது வரிசையில் ஒரு பங்கு. மற்ற மூன்று பேருக்கும் இருக்கிற அதே பங்கு. தோற்கிற பங்கும் சேர்ந்த பங்கு.

அதற்கப்புறம் கூட்டத்துக்கு வந்தார், கையெழுத்துப் போட்டார், போய்விட்டார். மேகலா அழுது அழுது முகம் வீங்கிப்போனாள்.

ஒரு நாள் காலை. கோயில் அன்னதானத்துக்கு என்று தினம் ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பது என் வழக்கம். நான் வெளியூர் போயிருந்த நாட்களில் என் மருமகள் எடுத்து வைத்திருந்தாள். பானையைப் பார்த்தால் குறைவாக இருந்தது. கேட்டேன். "நீங்க சொன்னபடி தினம் ஒரு பிடிதான் அத்தை" என்றாள். பொய் சொல்கிற பெண் இல்லை. அவள் கை சின்னது. அவ்வளவுதான். பிடிக்குப் பிடி மாறும்.

வீட்டுச் சமையலுக்கு உழக்கை எடுத்தேன். அரிசியை அள்ளி, தலை தட்டினேன். தட்டிய கை அப்படியே நின்றது. பிடி மாறும். உழக்கு மாறுமா? கை என் கையானாலும், மருமகள் கையானாலும், உழக்குக்கு என்ன? கைக்கு அன்பு உண்டு. கைக்கு ஆத்திரம் உண்டு. கைக்கு ஆசை உண்டு, அச்சம் உண்டு, ஆள் பார்க்கிற பழக்கம் உண்டு. உழக்குக்கு என்ன உண்டு? வாய் ஒன்று உண்டு, அதுவும் பேசாது.

அரிசியைக் கொட்டிவிட்டு உழக்கோடு நடந்தேன். அக்கா வீட்டுக் கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்னா மங்களம், உழக்கும் கையுமா? அரிசி கடன் கேக்க வந்தியா?"

"அரிசி வேணாங்கா. உங்க கட்டை வேணும்."

முகம் மாறியது. ஆனாலும் எடுத்துக் கொடுத்தார். கட்டை இரண்டையும் உழக்கில் போட்டு, வாயை உள்ளங்கையால் மூடி அவரிடம் நீட்டினேன். "இதை நல்லாக் குலுக்கித் தரையில கவுத்துங்க. உங்களுக்குத் தெரிஞ்ச வித்தையெல்லாம் காட்டுங்க. ஏமாத்திப் பன்னெண்டு போடுங்க பாப்போம்."

அக்கா குலுக்கினார். கவிழ்த்தார். மூன்று. மெதுவாகக் குலுக்கினார். ஐந்து. சாய்த்துப் பிடித்துக் குலுக்கினார். ஒன்று. புடவையை வரிந்துகொண்டார். கீரை தரையில் வாடிக்கொண்டிருந்தது. அடுப்பில் உலை கொதித்து வழிந்தது. அக்கா உழக்கை விடவில்லை. எதைக் கேட்டாலும் அது வேறொன்றைப் போட்டது. கடைசியில் கையை உதறினார். "நாசமாப் போன உழக்கு. என் கட்டைய வச்சுகிட்டு என் பேச்சையே கேக்க மாட்டேங்குதே."

சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள். வைத்தியலிங்கம் அண்ணன் போனதற்குப் பிறகு முதன்முதலாக, தெருவுக்கே கேட்கிற அந்தச் சிரிப்பு.

"இதுதாண்டி வேணும் எனக்கு" என்றார்.

ஏகாதசி வந்தது. விரதத்தோடு முற்பகலிலேயே மேகலா வீட்டு ஹாலில் பரமபதப் பலகை விரித்தோம். அக்கா சுவரோரம் உட்காரவில்லை. பலகைக்கு நேராக உட்கார்ந்தார். மேகலா எதிரே, பேசப் பயந்து. உழக்கு நடுவில்.

நான் குலுக்கினேன். ஒன்று. சிரிக்காதீர்கள். மேகலா குலுக்கினாள். இரண்டு, இந்தத் தடவை நிஜமான இரண்டு. தங்கம்மாள் குலுக்கினார். ஐந்து. கமலாம்பாள் அக்கா உழக்கை எடுத்தார். கண்ணை மூடவில்லை, சாமி பேரைச் சொல்லவில்லை. குலுக்கினார், கவிழ்த்தார், உழக்கைத் தூக்கினார்.

ஐந்து.

இரண்டு பேருக்கும் ஒரே எண். விதிப்படி அந்த இரண்டு பேர் மட்டும் மறுபடி. மகாலிங்கசாமி, இந்த ஒரு தடவை அக்காவுக்குப் போடேன் என்று வேண்டிக்கொண்டேன். அக்கா குலுக்கினார். நான்கு. தங்கம்மாள் குலுக்கினார். உழக்கைத் தூக்கினால், ஒரு கட்டை வெறுமை. இன்னொரு கட்டையும் வெறுமை.

பன்னிரண்டு.

சாமி என் வேண்டுதலைக் கேட்கவில்லை. என்னைவிட அவருக்குக் கணக்குத் தெரியும்.

தங்கம்மாள் குனிந்து இரண்டு கட்டையையும் மறுபடி பார்த்தார். "நானா? ஏகாதசி முதல் உருட்டு நானா? எங்க வயலு கடைமடைக்கா. எங்களுக்குத் தண்ணியே கடைசியிலதான் வரும்" என்றார். பிறகு கட்டையை எடுத்து அக்கா பக்கம் நீட்டினார். "அக்கா, எனக்கு விழுந்தத நான் குடுக்கறேன். நீங்க உருட்டுங்க."

அக்கா கையை நீட்டவில்லை. "குடுத்தேன்னா, மேகலா குடுத்த மாதிரிதான். தங்கம், நான் தோத்துட்டேன். நல்லாத் தோத்துட்டேன். எவ்ளோ நாளாச்சு தெரியுமா இப்படித் தோத்து? கட்டை உன்னத்தான் சொல்லிருக்கு. உருட்டு."

தங்கம்மாள் கட்டைக்குக் குங்குமம் இட்டார். உருட்டினார். எந்தத் தெருவுக்குள் வர அவருடைய முன்னோர் தயங்கி நின்றார்களோ, அந்தத் தெருவின் ஏகாதசி முதல் உருட்டு அது. அடுத்து யார்? அக்கா கடைசியா? இல்லை. தங்கம்மாளை விட்டால், அக்காவின் ஐந்தை எட்டிய எண் எங்கள் யாருக்கும் இல்லையே. இரண்டாவதாக உருட்டினார் கமலாம்பாள். ஏறினார், ஏணி கிடைத்தது; இன்னும் ஏறினார், பெரிய பாம்பு விழுங்கிக் கீழே கொண்டுவந்து விட்டது. அதற்கும் அதே சிரிப்பு. மேகலா அப்போதுதான் வாய் திறந்து, "நல்லா வேணும் அக்காவுக்கு" என்றாள். அக்கா அவள் தலையில் ஒரு குட்டு வைத்தார். சமாதானம் ஆகிவிட்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கும் சுகம். ஆனால் அந்தத் தை மாதம் உங்களுக்கு நினைவிருக்கும். அறுக்கிற நேரத்தில் மழை. விடாத மழை. கதிரெல்லாம் சாய்ந்து, தண்ணீரில் கிடந்து முளைவிட்டது. சபையில் தலையாட்டுகிறீர்கள், உங்கள் வயிறும் எரிந்ததுதான்.

மழை விட்ட அன்று களத்தில் கூடி நின்றோம். ஒருவர், பேர் வேண்டாம், கேட்டே விட்டார். "ஏகாதசிக்கு இந்த வருஷம் முதல் உருட்டு யாரு? வழக்கத்த மாத்துனீங்களாமே?"

தங்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய குத்தகை நெல்லும்தான் தண்ணீரில் கிடந்தது. நான் வாய் திறக்கும் முன், ஈரக் களத்தின் நடுவில் கமலாம்பாள் அக்கா வந்து நின்றார். எந்தக் கேள்விக்குப் பயந்து சுவரோரம் உட்கார்ந்தாரோ, அதே கேள்வி. கேள்வி இப்போது அவரைப் பார்த்து வரவில்லை; சும்மா இருந்திருக்கலாம். இருந்தாரா?

"உழக்குதாங்க சொன்னது" என்றார். "நாலு பேருக்கும் ஒரே உழக்கு, ஒரே கட்டை. தங்கத்துக்கு விழுந்துது. எனக்கு விழுந்திருந்தா என்னைக் கேப்பீங்க. அதுக்குப் பயந்துகிட்டுத்தான் நான் ஒதுங்கிக் கெடந்தேன். இப்ப சொல்றேன், கேட்டுக்கங்க. தலைமடையில என் கதிரும் சாஞ்சுது. கடைமடையில அவ கதிரும் சாஞ்சுது. மழைக்கு யாரு முதல்லன்னு தெரியாது. கோவம்னா உழக்குகிட்டப் போய்ச் சொல்லுங்க."

கேட்டவர் வரப்பைப் பார்த்து நடையைக் கட்டினார். வேறென்ன செய்வார்? ஒருவர் கொடுத்த முதலிடம் என்றால் கொடுத்தவரைக் கேட்கலாம். பிடுங்கிய முதலிடம் என்றால் பிடுங்கியவரைக் கேட்கலாம். உழக்கைக் கவிழ்த்து, நாலு பேர் கண்முன் விழுந்த முதலிடத்தை யாரிடம் போய்க் கேட்பது?

அன்றிலிருந்துதான் சபையோரே, இந்த உழக்கு எங்கள் ஆட்டத்தின் பெரியமனுஷி.

என்னைத் தவறாக எண்ண வேண்டாம். எல்லாவற்றுக்கும் உழக்கைக் குலுக்கு என்று நான் சொல்லவில்லை. பசித்த பிள்ளைக்கு முதல் கவளம். அதற்குக் குலுக்கல் வேண்டாம். நோயாளிக்கு முதல் வண்டி. அதற்குக் குலுக்கல் வேண்டாம். ஆனால் காரணமே இல்லாமல் ஒருத்தியைக் கடைசியில் நிறுத்துகிறோமே, அங்கே வேண்டும் உழக்கு. பிறந்த தெருவைப் பார்த்து வரிசை போடுகிறோமே, அங்கே வேண்டும் உழக்கு. நெற்றியைப் பார்த்து இடம் ஒதுக்குகிறோமே, அங்கே வேண்டும் உழக்கு. ஆட்டத்தில் வந்த நியாயம் அடுப்படிக்கு வராதா? அடுப்படிக்கு வந்த நியாயம் ஆற்றங்கரைக்கு வராதா? ஆற்றங்கரைக்கு வந்த நியாயம் ஆலயத்து வாசலுக்கு வராதா? வரும். வர வேண்டும். வரவழைக்கிற கைகள்தான் இந்தச் சபையில் இத்தனை இருக்கின்றனவே.

இந்தப் போட்டிக்கு உழக்கு வேண்டும் என்று காதர் மைதீன் பாய் கடைக்குப் போனேன். "நெல்லு அளக்கவாம்மா?" என்றார். "இல்ல பாய், யாரு முதல்லன்னு அளக்க" என்று இந்தக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு உள்ளே போய், முத்திரை குத்திய உழக்காகத் தேடி எடுத்துவந்து, துடைத்துக் கையில் கொடுத்தார். "அளவுல குறை வைக்கக் கூடாதுன்னு எங்க மார்க்கத்துலயும் சொல்லிருக்கும்மா. இது என் பங்கா இருக்கட்டும்" என்றார். பாய் தலையைக் குனிந்துகொள்கிறார். நான் விடமாட்டேன், எல்லாரும் ஒரு முறை கை தட்டுங்கள்.

ஏகாதசி முதல் உருட்டு கமலாம்பாள் அக்காவுக்கு இன்னும் விழவில்லை. போன வருஷமும் விழவில்லை. இந்த மார்கழியில் விழுந்தது யாருக்குத் தெரியுமா? எனக்கு. ஒன்றுக்குமேல் விழாத இந்தக் கைக்கு. "என்னைக்காச்சும் எனக்கு விழும். விழற வரைக்கும் குலுக்கிட்டு இருக்க வேண்டியதுதான்" என்கிறார் அக்கா. அந்த ஆசையோடு ஒவ்வொரு மார்கழிக்கும் காத்திருக்கிறார். சுவரோரம் உட்கார்ந்த பெண்ணுக்கு ஒரு மார்கழி எதிரே இருக்கிறது என்றால், அதைவிட வேறென்ன வரம் நான் கேட்க?

நிறைவாக ஒன்று. நிகழ்ச்சி நிரலில், போட்டியின் முதல் உருட்டை நான் உருட்டித் தொடங்கிவைப்பதாக அச்சடித்திருக்கிறார்கள். தலைவர் மன்னிக்க வேண்டும். அது நம் விதிக்கே மாறு. முதல் பலகையில் ஆடப்போகிற நாலு பேரும் மேடைக்கு வரட்டும். அதில் கமலாம்பாள் அக்கா ஒருவர். அக்கா, கட்டை கொண்டுவந்திருக்கீங்களா? முந்தானையில் முடிந்திருக்கிறாராம்; தூக்கிக் காட்டுகிறார். நல்லது. வாருங்கள். இதோ உழக்கு.

யாருக்கு விழும் என்று எனக்குத் தெரியாது. தலைவருக்குத் தெரியாது. நடுவருக்குத் தெரியாது. தெரியாமல் நாம் எல்லாரும் ஒன்றாகக் கழுத்தை நீட்டிப் பார்க்கிறோமே, இந்த ஒரு கணத்தில், இந்தக் கூடத்தில், தலைமடையும் இல்லை, கடைமடையும் இல்லை.

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், சிரிக்கிற இடத்தில் சிரித்து மற்ற இடத்தில் முந்தானையை எடுத்த தாய்மார்களுக்கும், பின்வரிசையில் சிரிப்பை நிறுத்திவிட்ட தம்பிகளுக்கும் என் நன்றியை உழக்கு நிறைய, தலை தட்டாமல், குவித்துத் தருகிறேன். எல்லார் வீட்டுக் களமும் நிறையட்டும். வணக்கம்.

குலுக்குங்கள் அக்கா.